ஆறு கட்டை கமலவேணி

ஹார்மோனியப் பெட்டிக்கு முதல் எதிரி எலி. துருத்தித் தோலை அது ருசி பார்க்க ஆரம்பித்துவிட்டால் நாலே நாளில் பெட்டிக்கு இழுப்பு வந்துவிடும். அதனால்தான் பெட்டியைக் கயிற்றில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். நீங்களும் வந்ததிலிருந்து அண்ணாந்து அண்ணாந்து பார்க்கிறீர்கள். இரண்டாவது எதிரி, பாடுகிற பொம்பளை. அதற்குக் கயிறு உதவாது.

கமலவேணியின் வாழ்க்கையைப் பத்திரிகையில் எழுதவேண்டும் என்று மதராஸிலிருந்து இந்த வெயிலில் சேந்தமங்கலம் வரை வந்திருக்கிறீர்கள். பேசாத வேஷங்களிலேயே சினிமாவைக் கலக்கிய நடிகை, விதவைத் தாய், ஊமைக் கிழவி, மகனைப் பறிகொடுத்தவள். 'கண்களாலேயே பேசுகிறார்' என்று உங்கள் பத்திரிகைதான் எழுதியது. வேறு எதால் பேசுவாள் என்று கேட்க ஒரு விமர்சகருக்கும் தோன்றவில்லை. உங்கள் தொழிலில் மூளைக்குச் செலவு குறைவு போலிருக்கிறது.

இப்போது உள்ளறையில் அவளைப் பார்த்துவிட்டு வந்து என்னைக் கேட்டீர்கள்: "பெட்டியைக் காட்டினாங்க. அப்புறம் உங்களைக் காட்டினாங்க. அப்புறம் தொண்டையைத் தொட்டுக் காட்டினாங்க. என்ன அர்த்தம்?" சொல்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இன்று வேறு வேலை இல்லை, நேற்றும் இல்லை.

அவள் இளம்பிள்ளையில் ஒரு தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். வைத்த பெயர் குப்பாயி. அவள் பிறந்தபோது அழுத அழுகையில் பக்கத்து வீட்டுத் தறியில் பாவு நூல் அறுந்ததாகச் சொல்வார்கள். சொல்வார்கள் என்ன, நான்தான் நோட்டீசில் அச்சடித்தேன். ஜனங்கள் நம்பினார்கள். அறுந்த நூலை நேரில் பார்த்ததாகச் சத்தியம் செய்ய ஜலகண்டாபுரத்தில் பத்துப் பேர் இருந்தார்கள்.

நாடகக் காண்ட்ராக்டர் ஹபீப் பாய் அவளை மேடைக்குக் கொண்டுவந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து என்று நினைக்கிறேன். குப்பாயி என்ற பெயரில் டிக்கெட் விற்காது என்று கமலவேணி ஆக்கியது நான். நான் அப்போதே சேலம் ஜில்லாவின் முதல் பெட்டிக்காரன். தண்டாயுதபாணி உட்காருகிறான் என்றால் மேட்டூர் பக்கத்திலிருந்து மாட்டுவண்டி கட்டி வருவார்கள். மாடுகளும் தலையாட்டும். ராஜா வேஷக்காரன் ஒரு வரி பாடினால் நான் பெட்டியில் ஒன்பது வரி பாடுவேன். கூட்டம் எனக்காகத்தான் வந்தது. ராஜாவும் ராணியும் நான் விரலுக்கு ஓய்வு கொடுக்கும்போது பார்ப்பதற்காக வைத்திருந்தவர்கள்.

ஒரு விஷயம் உங்களுக்குப் புரியவேண்டும். அன்று மைக் கிடையாது. ஐயாயிரம் பேருக்கு அப்பால் புளியமரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற ஓசிக்காரனுக்கும் பாட்டுக் கேட்கவேண்டும். அதற்குச் சுருதி உயரமாக இருக்கவேண்டும். அந்த உயரத்துக்குத்தான் கட்டை என்று பெயர். பெட்டியில் வலதுபக்கம் போகப் போகக் கட்டை ஏறும். நாலு கட்டையில் பாடினால் சுமார், ஐந்து என்றால் சபாஷ், ஆறு என்றால் கும்பிடுவார்கள். ஜனங்களுக்குச் சங்கீதம் தெரியாது, எண்தான் தெரியும். ஆகவே நோட்டீசில் பேருக்கு முன்னால் கட்டையைப் போடுவோம். 'ஆறு கட்டை கமலவேணி' என்று போட்டோம். பட்டம் வாங்கியவன்கூடப் பட்டத்தைப் பேருக்குப் பின்னால்தான் போடுகிறான்.

ஆறு என்று ஒரு தடவை அச்சில் வந்துவிட்டால் பிறகு இறங்க முடியாது. நடிகை தாலியைக்கூடக் கழற்றி வைப்பாள், கட்டையை இறக்கமாட்டாள். ஐந்தரையில் பாடினாள் என்று ஒருவன் சொன்னால் போதும், பொழுது விடிவதற்குள் ஈரோடு வரை செய்தி போய்விடும்.

ராசிபுரத்துத் திருவிழாவில் அது நடந்தது. அவள் புருஷனைத் தேடிக் காட்டில் அலைகிற கட்டம். ஒரு வரி பாடினாள். நான் என் வழக்கப்படி அந்த வரியை எடுத்துக்கொண்டு கொல்லிமலை வரைக்கும் போய்வந்தேன். இன்னொரு வரி பாடினாள். நான் மேட்டூருக்குப் போனேன். மூன்றாவது வரியை ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டு, அத்தனை பேர் முன்னிலையில் என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க பெட்டிக்காரரே, செத்த நேரம் கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காருங்க சாமி. நான் பாடறது எனக்கே கேக்க மாட்டீங்குது."

சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு மிராசுதாருக்குச் சிரித்ததில் கடைவாய்ப் பல் விழுந்துவிட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மிருதங்கக்காரன் வீரபாகு, என் சோற்றில் பாதியை எட்டு வருஷம் தின்றவன், அவனும் சிரித்தான். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் பெட்டி இல்லாமல் பாடினாள்.

நன்றாகப் பாடினாள். நான் பொய் சொல்லமாட்டேன். முறுக்கு விற்கிறவன் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்தான். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் கிடக்கும்போது கைகள் எவ்வளவு அசிங்கமாக இருக்கின்றன என்பதை நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள்.

மறுநாள் காலையில் அவளே என் ஜாகைக்கு வந்தாள்.

"நேத்து வாய் தவறிப் போச்சுங்க. மனசுல வெச்சுக்காதீங்க சாமி. இனிமே உங்க பெட்டி இல்லாம நான் மேடை ஏறமாட்டேனுங்க. ஹபீப் பாய்கிட்டயும் சொல்லிப்போட்டேன்."

சொன்னபடியே செய்தாள். எந்த ஊர் நாடகமானாலும் தண்டாயுதபாணி பெட்டிதான் வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். அவள் நல்ல குணத்தைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். எனக்கு மிகவும் உபயோகமாக இருந்தது.

பெட்டிக்குள் வரிசையாகப் பித்தளை நாக்குகள் இருக்கும். ரீடு என்போம். நாக்கின் நுனியை லேசாகச் சுரண்டினால் சுருதி ஏறும். அடியைச் சுரண்டினால் இறங்கும். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும், நாடகம் கிடையாது. அந்த வருஷ மழையில் ஒரு தட்டானிடம் பொடி அரம் ஒன்று வாங்கிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு, எல்லா நாக்குகளின் நுனியையும் ஒரே அளவாகச் சுரண்டினேன். தலைமுடி அகலத்துக்கு ஏற்றினேன், அவ்வளவுதான். ஒன்று ஏறி மற்றொன்று ஏறாமல் போனால் பெட்டி கழுதையாகிவிடும். அத்தனையையும் ஒன்றுபோல ஏற்றுவதற்கு இந்த ராஜதானியில் வேறு ஆள் கிடையாது. அதையும் எழுதுங்கள்.

அடுத்த வருஷ மழையில் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த மழையிலும். அவள் ஆறு கட்டை என்பாள், நான் ஆறாம் கட்டையில்தான் விரல் வைப்பேன். பெட்டி ஆறரையைப் பேசும். பிறகு ஏழுக்குப் பக்கத்தைப் பேசியது. யாருக்கும் தெரியவில்லை. கூடப் பாடிய ராஜாக்கள் ஊருக்கு ஒருவர். கஷ்டப்பட்டால் பனி என்பார்கள், பயணம் என்பார்கள். வீரபாகு பெட்டிக்குச் சேரும்படி மிருதங்கத்தை இழுத்து இழுத்துக் கட்டுவான். தோல் பட்டென்று கிழியும். தோல் விற்ற சடையனின் பரம்பரையையே திட்டித் தீர்த்தான். அவன் மிருதங்கத்துக்கு இருந்த அறிவு அவனுக்கு இல்லை.

கமலவேணிக்கு மட்டும் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அவள் பெட்டியைச் சந்தேகிக்கவில்லை. பித்தளை பொய் சொல்லுமா, சதைதான் கெடும் என்று நினைத்தாள். எங்கள் உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். புளியை விட்டாள், தயிரை விட்டாள், எண்ணெயை விட்டாள். அதிமதுரம் மென்று மென்று பல் மஞ்சளாயிற்று.

"ஊட்டுல பாத்திரம் வெளக்கறப்போ பாடினா தண்ணியாட்டம் வருதுங்க. மேடைக்கு வந்தா கழுத்தைப் புடிச்சுக்குது. ஏனுங்க இப்படி?"

"கண்ணேறு" என்றேன்.

அப்பொழுது அவள் மாரியாயி என்ற வைத்தியக்காரியிடம் போனாள். மஞ்சள் கிழங்கை விளக்கில் காட்டித் தொண்டையின் இரண்டு பக்கமும் சூடு வைத்தால் சரியாகும் என்று அந்த அம்மாள் சொன்னாள். சூடு வைக்கும்போது துணைக்கு நான்தான் போனேன். கிழங்கை விளக்கில் பிடித்துக் கொடுத்ததும் நான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் போடவில்லை. தொண்டையை வீணாக்கக்கூடாது என்று நினைத்திருப்பாள்.

ஒரே ஒரு தடவை விஷயம் முடிந்திருக்க வேண்டியது. திருச்செங்கோட்டில் குரல் இரண்டாகப் பிளந்து, கூட்டம் ஊளையிட்டது. ஹபீப் பாய் கொட்டகைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, அரைக்கட்டை எறங்கிப் பாடினா எவன் வந்து அளக்கப் போறான்? எனக்கு உன் தொண்டை முழுசா வேணும்மா."

"நோட்டீசுல ஆறுன்னு போட்டுருக்குதுங்க பாய். அஞ்சரையில பாடறதுக்கு நான் இளம்பிள்ளைக்கே போயி நூல் சுத்துவேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "பெட்டிக்காரரே, நீங்க சொல்லுங்க. எறங்கலாமுங்களா?"

அவள் என் சொல்லுக்காகக் காத்திருந்தாள். பாயும் காத்திருந்தார். சரி என்று நான் தலையசைத்திருந்தால் போதும்.

"ஆறு ஆறாகவே இருக்கட்டும்" என்றேன்.

அதற்குப் பிறகு கதாநாயகி வேஷம் போயிற்று. சாரதாமணி என்று ஒரு புதுப் பெண் வந்தாள், ஐந்து கட்டைக்காரி. கமலவேணி அவளுக்கு அம்மாவாக நடித்தாள், மாமியாராக நடித்தாள், கடைசியில் காட்டில் வருகிற குறத்தி. கிழவி வேஷத்தில் அவள் இடுப்பில் கைவைத்து நடந்தால் கூட்டம் கும்மாளம் போடும். உங்களைப் போன்றவர்கள் 'குணசித்திரம்' என்று இப்போது எழுதுகிறீர்களே, அந்த நடிப்பெல்லாம் பாட முடியாதவள் பாட்டுக்குப் பதிலாக வைத்துக்கொண்டது. அந்த வகையில் அவளை நடிகை ஆக்கியதே நான்தான். ஒருத்தரும் எனக்கு மாலை போடவில்லை.

முப்பத்தெட்டில் சினிமாக்காரர்கள் கூப்பிட்டார்கள். சேலத்துக்கு வெளியே கொட்டகை போட்டு, வெயிலைக் கண்ணாடியில் பிடித்து முகத்தில் அடித்துப் படம் எடுப்பார்கள். டைரக்டர் என்று ஒரு குல்லாக்காரர், தமிழே தெரியாது. அழுகைக் கட்டம் எது, சிரிப்புக் கட்டம் எது என்று சமையல்காரனைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். கமலவேணிக்கு மகனைப் பறிகொடுக்கும் தாய் வேஷம், ஒரு தாலாட்டு. அந்தத் தாலாட்டு சரியாக வந்தால் அடுத்த படத்திலும் பாட்டு உண்டு என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. வழக்கம்போல நானும் கூடப் போனேன், பனங்கற்கண்டு போட்ட பால் கூஜாவைத் தூக்கிக்கொண்டு. பாடுவதற்கு முன்னால் என் கையால் பால் குடிப்பது அவளுக்குப் பழக்கம்.

அங்கே பெட்டி அவர்களுடையது. இரும்புக் கவை ஒன்றைத் தட்டிக் காதில் வைத்துச் சுருதி பார்த்துவைத்த பெட்டி. ஒத்திகையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு, அடி வாங்கப் போகிறவள் மாதிரி உடம்பை இறுக்கிக்கொண்டு, "ஆறு கட்டைங்க" என்றாள்.

பாடினாள். வந்துவிட்டது. கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவள் முன்னால் கதவு தானாகத் திறந்தால் எப்படி இருக்கும், அப்படித் தடுமாறி உள்ளே விழுந்தாள். குல்லாக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கண்ணாடி பிடித்தவன் கண்ணாடியை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றான். பாட்டு முடிந்ததும் அவள் சிரித்தாள், அழுதாள், நேராக என்னிடம் ஓடிவந்தாள்.

"என்ற தொண்டை கெடவே இல்லீங்க சாமி. பாவம், உங்க பெட்டிக்குத்தான் என்னமோ நோவு. நாளைக்கு வாரப்போ அதையும் எடுத்துட்டு வாங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஊதிப் பாத்து, சரிபண்ணிப் போடலாம்."

அவள் என்னைச் சந்தேகிக்கவில்லை. முகத்தில் சந்தோஷத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. என் பெட்டிக்கு நோவு என்று, நேற்று முளைத்த சினிமாக்காரர்கள் காதுபடச் சொன்னாள், அவ்வளவுதான். இரண்டாவது தடவை.

பெட்டியைப் பழையபடி இறக்க வேண்டும் என்றால் அத்தனை நாக்கின் அடியையும் சுரண்டவேண்டும். ஒரு வாரம் ஆகும். பால் காய்ச்சுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. என்ன கலந்தேன் என்று கேட்காதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். நாடகக்காரர் எல்லோருக்கும் பெயர் தெரியும். உங்களுக்குச் சொல்லித்தரமாட்டேன், நீங்கள் சின்ன வயசு.

காலையில் கொட்டகை வாசலில் கூஜாவைத் திறந்து கொடுத்தேன்.

"இன்னைக்குக் கொஞ்சம் கசக்குதுங்களே" என்றாள்.

"புதுக் கற்கண்டு" என்றேன்.

"அப்படிங்களா" என்று மீதியையும் குடித்தாள். அவள் கடைசியாகச் சத்தம் போட்டுச் சொன்னது அதுதான். உங்கள் கட்டுரைக்கு வேண்டியிருக்கும், குறித்துக்கொள்ளுங்கள்.

உச்சிக்கு முன்னால் தொண்டை வீங்கிப் போயிற்று. வாயைத் திறந்தால் ஊதுகிற துருத்தியில் ஓட்டை விழுந்த மாதிரி காற்று மட்டும் வந்தது. காமிரா ஓடிக்கொண்டிருந்தது. செத்த மகனாக நடித்த பையனை மடியில் போட்டுக்கொண்டு, பாட்டு வராமல், வாயைத் திறந்து திறந்து மூடினாள். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. குல்லாக்காரர் "சபாஷ்" என்று கத்திவிட்டு, "பாட்டு வேண்டாம், இதுவே போதும்" என்றார். அந்தப் படம் நூறு நாள் ஓடியது. மதராஸில் பெண்கள் மயங்கி விழுந்து, தூக்கிப்போகக் கட்டில் போதவில்லை. சத்தமில்லாத துக்கம், உலகத்தரம் என்று நீங்களெல்லாம் எழுதினீர்கள். அதன்பிறகு எல்லாப் படத்திலும் அவளுக்கு ஊமை வேஷம்.

சாரதாமணிதான் செந்தூரம் கொடுத்துக் குரலைக் கெடுத்தாள் என்று ஊர் பேசியது. எதிரி நடிகை என்று ஒருத்தி இருந்தால் ஜனங்கள் வேறு பக்கம் பார்க்கமாட்டார்கள். பெட்டிக்காரன் தன் சோற்றில் தானே மண் போடுவானா என்பார்கள். சேலத்தில் சாரதாமணி மேடை ஏறியபோது செருப்பு வீசினார்கள். அவள் நாடகத்தை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் பதினைந்து வருஷமாக என் வேலைக்கு இன்னொருத்திக்குப் பெயர் கிடைப்பதை எவ்வளவு நாள் பொறுத்துக்கொள்வது. அதனால்தான் சொல்கிறேன். சாரதாமணிக்கு ஒரு நாக்கைச் சுரண்டத் தெரியுமா.

நாற்பத்தாறோடு படங்கள் நின்றன. ஊமைக்கு வேறு புது முகங்கள் வந்துவிட்டன. இளம்பிள்ளையில் அண்ணன்மார்கள் கதவைத் திறக்கவில்லை. நாடகக்காரியை ஊட்டுக்குள்ள உடமாட்டோம் என்றார்கள். அவள் பணத்தில் கட்டிய வீடு. நான்தான் போய் வண்டி வைத்துக் கூட்டிவந்தேன். உள்ளறையைக் கொடுத்தேன், கஞ்சி கொடுக்கிறேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வசனமெல்லாம் நான் வாசித்துக் காட்டித்தான் பாடம் பண்ணுவாள். வருகிறவர்களிடமெல்லாம் பெட்டியைக் காட்டுகிறாள், என்னைக் காட்டுகிறாள், தொண்டையைக் காட்டுகிறாள். என் வாசிப்பின்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம் என்று வந்தவர்களுக்குச் சொல்லிவந்தேன். அதுவும் பொய் இல்லை.

ஏனென்றால் தினமும் பொழுது சாய்ந்ததும் பெட்டியை இறக்கி அவள் அறை வாசலில் வைத்து வாசிக்கிறேன். அந்த ராசிபுரத்துப் பாட்டையே வாசிப்பேன், அவள் பாதியில் நிறுத்திய மூன்றாவது வரியிலிருந்து. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கவனம் சிதறக்கூடாது என்றுதான். காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறாள், மலைக்காற்று ஒத்துக்கொள்ளாது. சில நாள் தலையணையைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொள்வாள். ரசனையில் அப்படி ஒரு நிலை உண்டு, உங்களுக்குப் புரியாது. நான் கொல்லிமலைக்கும் போவேன், மேட்டூருக்கும் போவேன், இஷ்டப்பட்ட நேரத்துக்குத் திரும்பி வருவேன்.

இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவள் என்னைக் கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னதில்லை.